உலகஞ் சுற்றிய அம்மையார் சங்கம்

குமாவோன் மலைநாட்டில் அல்மோரா என்றொரு சிறு நகரம் உண்டு. தில்லியிலும் லக்னோவிலும் வாழும் நம்மவர்களில் பலர் கோடை விடுமுறையில் நைனிதால் வரை சென்றிருப்பர். அங்கிருந்து மேலும் சில மணி நேரம் மலைப்பாதையில் செல்லத் துணிந்தவர்கள் அல்மோராவையும் கண்டிருப்பர். அந்நகரில் குந்தன் ஹவுஸ் என்னும் வீட்டில் அமெரிக்க நாட்டிற் பிறந்த மாது ஒருவர் நெடுங்காலம் வாழ்ந்து வந்தார். இந்திய விஞ்ஞானி ஒருவரை மணந்து, இந்நாட்டின் வரலாற்றை எழுதி, 1976-ஆம் ஆண்டில் நம் அரசாங்கத்தின் பத்மஸ்ரீ விருதையும் பெற்றார். அவர் பெயர் கெர்ட்ரூடு எமர்ஸன் சென்.

அல்மோராவாசிகளுள் எத்தனை பேர் அறிந்திருந்தனரோ தெரியாது. இந்த அம்மையார் 1925-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் தோன்றிய உலக யாத்திரிகர் சங்கம் ஒன்றின் ஸ்தாபகர் நால்வருள் ஒருவர். அச்சங்கத்திற்குப் பெண் புவியியலார் சங்கம் என்று பெயர். ஆகாய விமானத்தில் தனியே அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தவரும், தென் அமெரிக்கப் பனிமலையில் ஏறியவரும், ருஷ்ய நாட்டுச் சிறையில் இருந்து மீண்டவரும் அதில் அங்கத்தினராக இருந்தனர். அச்சங்கம் ஏன் தோன்றியது, அதன் அங்கத்தினர் சாதித்தவை யாவை என்பனவற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உலக யாத்திரிகர்கள் கூடிப் பேசுவதற்கென்று சங்கங்கள் அமைக்கும் வழக்கம் மேனாடுகளில் நெடுநாளாக உண்டு. லண்டன் மாநகரின் ராயல் புவியியற் சங்கம் 1830-இல் நிறுவப்பட்டது. நியூயார்க்கின் ஆராய்ச்சிப் பயணிகள் கழகம் 1904-இல் தோன்றியது. இவை வெறும் பொழுதுபோக்குக் கூடங்கள் அல்ல. புதிதாக ஒரு நாட்டிற்குச் செல்ல விழைபவருக்கு முன்பு சென்று வந்தவரின் அறிவுரை அங்கே கிடைக்கும். படங்களும் அளவைக் கருவிகளும் கிடைக்கும். பணம் கொடுத்து உதவக்கூடிய செல்வர்கள் விருந்து மேசையில் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருப்பர். பயணம் முடிந்து திரும்பியவர் தாம் கண்டதை எழுந்து நின்று சொல்ல, கேட்டவர்கள் வினாக்கள் தொடுப்பர். அவ்வினாக்களுக்கு ஈடுகொடுத்தவரின் செய்தியே உலகம் ஒப்புக்கொள்ளும் செய்தியாயிற்று. ஆகவே, இத்தகைய சங்கத்தின் கதவு ஒருவருக்குச் சாத்தப்பட்டிருந்தால் அவர் இழந்தது விருந்து மட்டும் அன்று. தாம் கண்டதைக் கண்டேன் என்று சொல்லும் தகுதியையே அவர் இழந்தார்.

அக்கதவு பெண்களுக்குச் சாத்தப்பட்டிருந்தது. லண்டன் சங்கத்தின் கதை நமக்குச் சற்று நெருங்கியது. 1892-93-ஆம் ஆண்டுகளில் அச்சங்கம் இருபத்திரண்டு பெண்களை அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவர் இஸபெல்லா பேர்டு அம்மையார். இவர் 1889-இல் லடாக் வரை சென்றவர். காலஞ்சென்ற கணவரின் நினைவாகக் காஷ்மீரத்து ஸ்ரீநகரில் ஒரு மருத்துவ நிலையம் அமைத்தவர். இப்படிப்பட்டவரைச் சேர்த்ததற்கே சங்கத்தில் பெரும் பூசல் எழுந்தது. எதிர்த்தவர்களில் முன்னின்றவர் யார் தெரியுமா? பின்னாளில் வைஸ்ராயாக வந்து 1905-இல் வங்காளத்தை இரு கூறாக்கிய அதே கர்ஸன் பிரபுதான். பெண்கள் பயணம் செய்து புவியியல் அறிவை வளர்க்க இயலாது என்பது அவர் கட்சி. விளைவாக, ஏற்கெனவே சேர்ந்த இருபத்திருவர் நீடித்தனர். புதியவர் எவரும் சேர்க்கப்படவில்லை. இருபது ஆண்டுகள் கழிந்து 1913-இல் கதவு மறுபடியும் திறந்தபோது அச்சங்கத்தின் தலைவராக அமர்ந்து அதனை ஆதரித்தவரும் கர்ஸன் பிரபுவே! வங்காளத்துத் தமிழன்பர்கள் இதைப் படித்துச் சிறிது புன்னகை செய்யலாம். தாம் பிரித்ததை மற்றவர் கூட்டக் காண்பது அவருக்கு வாய்த்த விதி போலும்.

(இதே லண்டன் சங்கம் 1877-இல் தன் பொற்பதக்கத்தைப் பண்டித நைன் சிங் என்னும் இந்தியருக்கு அளித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் குமாவோனின் மிலம் கிராமத்தவர். மாறுவேடத்தில் திபெத்து முழுதும் காலடிகளை எண்ணியே அளந்தவர். நூற்றெட்டு மணிகள் இருக்க வேண்டிய ஜபமாலையில் நூறு மணிகளே கோத்து, நூறு அடிக்கு ஒரு மணியாகத் தள்ளி அவர் வழியை அளந்த விதம் தனிக் கட்டுரைக்கு உரியது.)

நியூயார்க் கழகமோ 1925-இல் பெண்களுக்கு முற்றிலும் மூடியே இருந்தது. சொற்பொழிவு கேட்க விருந்தினராக வரலாம், அங்கத்தினராக முடியாது. அந்நிலையில்தான் நான்கு பெண்கள் கூடித் தங்களுக்கென ஒரு சங்கம் காண்பது என்று தீர்மானித்தனர். மார்கரீட் ஹாரிஸன், பிளேர் நைல்ஸ், கெர்ட்ரூடு ஷெல்பி, கெர்ட்ரூடு எமர்ஸன் ஆகியோர் அந்நால்வர். அவர்கள் வகுத்த விதி கவனிக்கத்தக்கது. பல நாடுகளைப் பார்த்தவர் என்பது மட்டும் அங்கத்தினராகப் போதிய தகுதி அன்று. சென்ற நாட்டைப் பற்றி உலகம் அதுவரை அறியாத ஒன்றை அறிந்து வந்து வெளியிட்டவராகவும் இருத்தல் வேண்டும்.

இதற்கு நேர்மாறான விதியை உடைய சங்கங்களும் உண்டு. 1954-இல் கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நிறுவப்பட்ட யாத்திரிகர் நூற்றுக் கழகம் என்பதில் சேர, நூறு நாடுகளில் கால் வைத்திருந்தால் போதும். அக்கழகம் தனித் தீவுகளையும் தொலைவிலுள்ள பிரதேசங்களையும் தனித்தனி நாடாகக் கணக்கிட்டு, முந்நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களைத் தன் அட்டவணையில் வைத்திருக்கிறது. எண்ணிக்கையில் இன்பம் காண்பவரை நாம் குறை கூற வேண்டுவதில்லை. நூற்றெட்டுத் திருப்பதிகளையும் தரிசித்துவிட வேண்டும் என்று புறப்படுவோர் நம்மிடையேயும் உளரன்றோ? ஆனால், 1925-இல் கூடிய அந்நால்வரும் வேண்டியது வேறு. அவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் அது விளங்கும்.

மார்கரீட் ஹாரிஸன் பால்டிமோர் நகரத்துச் செல்வக் குடும்பத்தில் 1878-இல் பிறந்தவர். 1915-இல் கணவர் காலமாக, கையில் ஒரு மகனும் தலைமேல் கடனுமாக நின்றார். பத்திரிகை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் அமெரிக்க ராணுவத்தின் ஒற்றராகச் செல்லத் தாமே முன்வந்து, ஜெர்மனிக்கும் பின்னர் ருஷ்யாவுக்கும் சென்றார். 1920-இல் மாஸ்கோவில் பிடிபட்டு, லுபியங்கா என்னும் பெயர்பெற்ற சிறையில் அடைக்கப்பட்டார். ஏறத்தாழப் பத்துத் திங்கள் அங்கே கழிந்தன. அச்சமயம் ருஷ்யாவில் கொடும் பஞ்சம் தோன்றியது. அமெரிக்கா தானியம் அனுப்ப இசைந்து, கைதிகளை விடுவிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. 1921-இல் அவ்வாறு விடுதலை பெற்றவர்களுள் ஹாரிஸன் அம்மையாரும் ஒருவர்.

இவ்வளவு பட்டவர் வீட்டிலே அமைதியாக இருப்பார் என்று எண்ணுவோம். அவரோ 1924-இல் இரண்டு ஆடவருடன் பாரசீக நாட்டிற்குப் புறப்பட்டார். அங்கே பக்தியாரி என்னும் இடையர் குலத்தார் ஆண்டுதோறும் கோடைக்காலத்தில் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு பனிமலை தாண்டிப் புல்வெளி தேடிச் செல்வர். குறுக்கே கரூன் ஆறு வெள்ளமாக ஓடும். பாலமோ படகோ இல்லை. காற்று நிரப்பிய ஆட்டுத்தோல்களைக் கட்டித் தெப்பமாக்கி, குழந்தை குட்டிகளுடன் ஆற்றைக் கடப்பர். அப்பால் ஜர்த் கூ என்னும் மலையின் பனிச்சரிவை வெட்டி வழியமைத்து, பலர் வெறுங்காலுடனே ஏறுவர். இக்காட்சிகளை உடன் சென்று படம் பிடித்தனர். 1925-இல் வெளிவந்த அம்மௌனப்படம் இன்றளவும் போற்றப்படுகிறது. அவருடன் சென்ற இருவரும் பிற்காலத்தில் ராட்சதக் குரங்கைப் பற்றிய கதைப்படம் ஒன்றை எடுத்துப் பெரும் பொருள் ஈட்டினர். அது வேறு கதை.

பிளேர் நைல்ஸ் பறவையியல் அறிஞர் ஒருவரின் மனைவியாக இலங்கை, இமயம், பர்மா முதலிய இடங்களில் காட்டுக்கோழி இனங்களைத் தேடி அலைந்தவர். பின்னர் அம்மணவாழ்க்கை முறிந்து வேறொருவரை மணந்து, பிரெஞ்சு கயானாவின் கைதிக் குடியிருப்பிற்குச் சென்று அங்குள்ளோரின் துயரத்தை 1928-இல் நூலாக வெளியிட்டார். ஷெல்பி அம்மையார் பொருளாதாரத்திலும் புவியியலிலும் ஈடுபட்ட எழுத்தாளர். எமர்ஸன் அம்மையாரிடம் பின்னர் வருவோம்.

சங்கத்தின் முதல் தலைவராக அமர்ந்தவர் ஹாரியட் சால்மர்ஸ் ஆடம்ஸ் அம்மையார். இவரும் பொறியாளரான இவர் கணவரும் 1904 முதல் 1906 வரை தென் அமெரிக்கக் கண்டத்தில் குதிரையிலும் ஓடத்திலும் கால்நடையாகவும் ஏறத்தாழ நாற்பதாயிரம் மைல் பயணம் செய்தனர். ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் ஆண்ட நாடுகள் அனைத்தையும் பார்த்துவிடுவது என்று அம்மையார் பூண்ட விரதம் வாழ்நாள் முழுதும் நீண்டது. 1916-இல் பத்திரிகை நிருபராகப் பிரெஞ்சுப் போர்முனையின் பதுங்கு குழிகள் வரை சென்றார். சங்கத் தலைவரான மறு ஆண்டே, 1926-இல், மத்தியதரைக் கடலின் பலியாரிக் தீவுகளில் உயரமான இடத்திலிருந்து வீழ்ந்து முதுகெலும்பு முறிந்தது. இனி நடப்பது அரிது என்றனர் மருத்துவர். படுக்கையில் கிடந்தவாறே சங்கத்தின் காரியங்களைக் கவனித்தார். தேறி எழுந்ததும் மீண்டும் பயணம் புறப்பட்டார். 1933 வரை அவரே தலைவர்.

சங்கத்தின் செய்தி மடல்களில் அங்கத்தினரைப் பற்றிய குறிப்புகள் வெளியாகும். இன்னார் இன்ன நாட்டில் இருக்கிறார், இன்னார் நூல் எழுதி முடித்தார், இன்னார்க்குக் காய்ச்சல் கண்டு திரும்பினார் என்றவாறு இருக்கும். உறவினர் வீட்டுக் கடிதம் போன்றதே. அருஞ்செயலுக்குப் புறப்படும் அங்கத்தினர்க்குச் சங்கத்தின் கொடி கொடுத்தனுப்பப்படும். சென்ற இடத்தில் அதைப் பிடித்து, திரும்பிக் கொணர்ந்து ஒப்படைக்க வேண்டும். இவ்வழக்கம் ஆடவர் கழகத்திலும் உண்டு. அவர்களின் சிறு கொடி ஒன்று 1969-இல் அப்போலோ விண்கலத்தில் சந்திரன் வரை சென்றது.

சாதனை என்று ஒருவர் சொல்வதை எப்படி ஒப்புக்கொள்வது? இக்கேள்விக்கு விடை காணாமல் எந்த யாத்திரிகர் சங்கமும் நடைபெற முடியாது. இதற்கு நல்லதோர் உதாரணம் ஆனி ஸ்மித் பெக் அம்மையாரின் கதை. இவர் 1850-இல் பிறந்தவர். லத்தீன் மொழி கற்பித்த ஆசிரியை. நாற்பத்தைந்தாம் வயதில், 1895-இல், ஆல்ப்ஸ் மலையின் மாட்டர்ஹார்ன் சிகரத்தில் ஏறினார். அவர் ஏறியது செய்தியாகவில்லை. பாவாடை அணியாமல் கால்சட்டை அணிந்து ஏறினார் என்பதே பத்திரிகைகளில் பெரிய செய்தியாயிற்று!

பெக் அம்மையாருக்குச் செல்வம் இல்லை. சொற்பொழிவு ஆற்றியும் கட்டுரை எழுதியும் பணம் சேர்த்து, பெரு நாட்டின் ஹுவாஸ்கரான் மலையில் பல முறை முயன்று, 1908-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஐம்பத்தெட்டாம் வயதில், அதன் வடசிகரத்தை அடைந்தார். உடன் வந்த இரண்டு சுவிஸ் வழிகாட்டிகளுள் ஒருவர் பனிக்கடியால் ஒரு கையையும் ஒரு பாதத்தின் பகுதியையும் இழந்தார். இவ்வளவு விலை கொடுத்து அடைந்த சிகரத்தின் உயரம் என்ன?

மலையின் உயரத்தை நீரைக் கொதிக்கவைத்தே அறியலாம். மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறையும். நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஒரு சென்டிகிரேடு வீதம் குறையும் என்று கொள்ளலாம். சிம்லாவில் குடியிருக்கும் நம் இல்லத்தரசியரைக் கேட்டால், சென்னையில் வேகும் நேரத்தில் பருப்பு அங்கே வேகாது என்பர், காரணம் இதுவே. கொதிநிலையை அளந்து உயரம் காட்டும் கருவியைப் பெக் அம்மையாரும் எடுத்துச் சென்றிருந்தார். ஆனால், சிகரத்தருகே வீசிய கடுங்காற்றில் விளக்கை ஏற்ற இயலவில்லை. நேரமோ கடந்துகொண்டிருந்தது. அளவு எடுக்காமலே இறங்கினார். கீழே எடுத்திருந்த அளவைக் கொண்டு, சிகரம் இருபத்து நாலாயிரம் அடியாக இருக்கலாம் என்று மதிப்பிட்டார். அது மெய்யானால், உலகில் அதுவரை எந்தப் பெண்ணும் ஏறாத உயரம் அது.

இச்செய்தியைக் கேட்டு ஒருவருக்குப் பொறுக்கவில்லை. ஃபானி புல்லக் வொர்க்மன் என்னும் செல்வச் சீமாட்டி அவர். அவரும் சாமானியர் அல்லர். கணவருடன் மிதிவண்டியில் நம் நாட்டின் தென்முனையிலிருந்து இமயம் வரை வந்தவர். அப்பயணத்தைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே பதினாலாயிரம் மைல் என்று பொறித்தவர். 1906-இல் லடாக்குக்கு அருகே நுன் குன் மலைத்தொடரின் ஊசிச் சிகரம் ஒன்றில் ஏறி, பெண்களில் மிக உயரம் ஏறியவர் தாமே என்று கருதி வந்தார். பெக் அம்மையாரின் பேச்சைக் கேட்டதும், பாரிஸ் நகரிலிருந்து அளவையாளர்களைத் தம் செலவில் பெரு நாட்டிற்கு அனுப்பினார். பதின்மூவாயிரம் டாலர் செலவு! பெக் அம்மையார் மலை ஏறவே இத்தொகையைக் கண்டதில்லை. முக்கோண முறைப்படி அளந்து வந்தவர்கள் வடசிகரம் 21,812 அடியே என்று கூறினர். வொர்க்மன் அம்மையார் வென்றார். அவர் தமக்கென்று கூறிக்கொண்ட இருபத்து மூவாயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரமும் இன்றைய அளவின்படி 22,700 அடியளவே என்பது மற்றொரு வேடிக்கை.

இதில் யாரை மெச்சுவது? பணத்தைக் கொட்டிப் பொறாமையால் செய்ததாயினும், வொர்க்மன் அம்மையாரின் செயலால் உலகிற்கு ஒரு மலையின் சரியான உயரம் கிடைத்தது. ஆயினும் என் மனம் பெக் அம்மையார் பக்கமே சாய்கிறது. தோற்றபின்னரும் அவர் மலையேறுவதை நிறுத்தவில்லை. 1911-இல் பெரு நாட்டின் கொரோபுனா மலையில் ஏறி, பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று எழுதிய கொடியை நாட்டினார். மறு ஆண்டே வொர்க்மன் அம்மையாரும் சியாச்சின் பனியாற்றின் மேல், வாக்குரிமை வேண்டும் பத்திரிகையைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். உயரத்தில் பகை, உரிமையில் ஒரே கட்சி. வொர்க்மன் 1925-இன் தொடக்கத்தில், சங்கம் தோன்றுமுன்னரே, காலமானார். பெக் அம்மையார் சங்கத்தில் அங்கத்தினராகி 1935 வரை வாழ்ந்தார். ஹுவாஸ்கரானின் வடசிகரத்திற்கு 1928-இல் லிமா நகரத்துப் புவியியற் சங்கம் அவர் பெயரையே சூட்டியது.

பெண்கள் சங்கத்தின் முதல் பொற்பதக்கம் 1933-இல் அமேலியா ஏர்ஹார்ட் அம்மையாருக்குக் கிடைத்தது. முன்னாண்டு மே மாதத்தில் அவர் நியூபவுண்ட்லாந்திலிருந்து புறப்பட்டு, தன்னந்தனியாக அட்லாண்டிக்கைக் கடந்து, சுமார் பதினைந்து மணி நேரத்தில் அயர்லாந்தின் மேய்ச்சல் நிலம் ஒன்றில் இறங்கினார். 1937-இல் உலகை வலம் வரப் புறப்பட்டபோது நம் நாட்டின் வழியாகவே சென்றார். ஜூன் மாதத்தின் நடுவில், அன்று இந்தியாவைச் சேர்ந்திருந்த கராச்சியில் இறங்கி, அங்கிருந்து கல்கத்தாவின் டம் டம் விமான நிலையம் வந்தார். பருவமழை தொடங்கிவிட்டது. மழையில் ஊறிய தரையிலிருந்து மறுநாள் எழும்பி பர்மாவின் அக்யாப் சென்றார். அங்கிருந்து புறப்பட்டவரை மழை திருப்பியடித்தது. மறுபடியும் முயன்று ரங்கூன் அடைந்தார். ஜூலை 2-ஆம் நாள் நியூகினியின் லே நகரிலிருந்து எழுந்த விமானம் பசிபிக் சமுத்திரத்தின் ஹௌலண்டு தீவை அடையவே இல்லை. விமானியாகிய அவரும் வழிகாட்டியாக உடன் சென்ற நூனனும் என்ன ஆயினர் என்பதை இன்றுவரை எவரும் உறுதியாகக் கூறியதில்லை.

ஏர்ஹார்ட் அட்லாண்டிக்கைக் கடந்த அதே 1932-ஆம் ஆண்டில் ஆடவர் கழகத்தின் தலைவராக இருந்தவர் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ். கோபி பாலைநிலத்தில் பழங்கால ராட்சதப் பல்லிகளின் முட்டைகளைக் கண்டெடுத்த குழுவின் தலைவர் என்று உலகப் புகழ் பெற்றவர். அவர் நியூயார்க்கின் பெண்கள் கல்லூரி ஒன்றிலேயே பேசுங்கால், ஆராய்ச்சிப் பயணத்திற்குப் பெண்கள் இயல்பாகவே தகுதியற்றவர் என்று கூறினார். கேட்டிருந்த மாணவியர் சில நூற்றுவர்! சங்கத்து அம்மையார் வாளாவிருப்பரா? பத்திரிகைகளில் மறுப்பு வெளியாயிற்று. வாய்ச்சொல்லைவிட வன்மையான மறுப்பை அங்கத்தினரின் பயணங்களே தந்துகொண்டிருந்தன. சங்கம் தோன்றிய 1925-இல் சமோவா தீவிற்குச் சென்று அங்குள்ள பெண்களின் வாழ்வை ஆராய்ந்த மார்கரெட் மீடும் இச்சங்கத்தின் அங்கத்தினரே.

ஆடவர் கழகம் புறக்கணித்தது பெண்களை மட்டும் அன்று. 1909-இல் வடதுருவத்தை அடைந்ததாகப் பியரி அறிவித்தபோது அவருடன் கடைசிவரை சென்றவர் மாத்யூ ஹென்ஸன் என்னும் நீக்ரோ இனத்தவர் (அன்றைய வழக்கு அது, இன்று ஆப்பிரிக்க அமெரிக்கர் என்பதே மரியாதைச் சொல்). நாய்வண்டி ஓட்டவும், எஸ்கிமோ மக்களின் மொழி பேசவும் வல்லவர் அவரே. நான்கு எஸ்கிமோ வீரர்களும் உடனிருந்தனர். திரும்பியபின் பியரிக்குப் பதக்கங்கள் குவிந்தன. ஹென்ஸனுக்கு நியூயார்க் சுங்கக் காரியாலயத்தில் ஒரு சிறு உத்தியோகம் கிடைத்தது. ஆராய்ச்சிப் பயணிகள் கழகம் அவரை அங்கத்தினராக ஏற்றது 1937-இல். இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தபின். அவர்கள் மெய்யாகவே துருவப் புள்ளியை அடைந்தனரா, சில மைல்கள் தவறினரா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. அளவெடுக்கத் தெரிந்த வேறு எவரும் கடைசிப் பகுதியில் பியரியுடன் செல்லவில்லை என்பதே ஐயத்திற்குக் காரணம்.

பெண்களுக்கு அக்கழகத்தின் கதவு திறந்தது 1981-இல். வானியல் அறிஞர் கார்ல் சாகன் அங்கத்தினருக்கு ஒரு கடிதம் எழுதி, பெண்களைத் தள்ளி வைப்பது கழகத்திற்கே இழுக்கு என்று வாதாடினார். வாக்கெடுப்பு நடந்தது, பெண்கள் வென்றனர். முதலில் சேர்ந்தவர்களுள் கடலடி ஆராய்ச்சியாளர் சில்வியா ஏர்லும், விண்வெளி வீராங்கனை காத்ரின் சல்லிவனும் இருந்தனர். சல்லிவன் 1984-இல் விண்கலத்திலிருந்து வெளியே வந்து மிதந்த முதல் அமெரிக்கப் பெண். 2020-ஆம் ஆண்டு ஜூனில் பசிபிக்கின் மிக ஆழமான பள்ளத்தின் அடிவரை இறங்கிய முதல் பெண்ணும் அவரே.

இனி, அல்மோராவிற்குத் திரும்புவோம். கெர்ட்ரூடு எமர்ஸன் 1890-இல் பிறந்தவர். கீழ்நாடுகளைப் பற்றிய பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் குழுவில் பணியாற்றினார். உலகைச் சுற்றியவர், ஆயினும், சுற்றி வந்ததில் அவருக்கு மனநிறைவு இல்லை. ஒரு நாட்டை அறிய அதன் பெருநகரங்களின் ஓட்டல்களில் தங்கிப் பயன் இல்லை என்று எண்ணி, ஐக்கிய மாகாணத்துக் கோண்டா ஜில்லாவில், நேபாள எல்லைக்கருகே உள்ள பச்பேர்வா என்னும் கிராமத்தில் குடியேறினார். ஊரார் மொழியைக் கற்று, அவர்களின் உழவையும் கடனையும் நோயையும் திருமணத்தையும் திருவிழாவையும் உடனிருந்து பார்த்து எழுதினார்.

அந்நூல் 1930-இல், பேச்சற்ற இந்தியா என்று பொருள்படும் தலைப்பில், ரவீந்திரநாத தாகூரின் முன்னுரையோடு வெளிவந்தது. அது வெளிவந்த காலத்தை நினைவிற்கொள்ள வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன்னர்தான், 1927-இல், காதரீன் மேயோ என்னும் மற்றோர் அமெரிக்க மாது நம் நாட்டைச் சில திங்கள் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதிய நூல் உலகெங்கும் விற்று, நம்மவரின் உள்ளத்தைப் புண்படுத்தியிருந்தது. காந்தியடிகள் அதனைச் சாக்கடை சோதிப்பவரின் அறிக்கைக்கு ஒப்பிட்டார். இருவரும் ஒரே நாட்டிலிருந்து வந்தவர், இருவரும் பெண்டிர், இருவரும் இந்நாட்டின் ஏழ்மையையும் பெண்களின் துயரையும் கண்டவர். எமர்ஸன் அம்மையார் நம் குறைகளை மறைத்து எழுதினார் என்று எண்ணிவிடக் கூடாது. குறைகளையும் எழுதினார், ஆனால், அக்குறைகளோடு வாழ்ந்த மனிதரைப் பெயரும் முகமும் உள்ளவராகக் காட்டினார். ஊர் ஊராகச் சென்றவர் கண்டது ஒன்று. ஓரூரில் தங்கியவர் கண்டது மற்றொன்று. கல்கத்தாவிலோ பம்பாயிலோ பத்தாண்டு வாழ்ந்தும் அண்டை வீட்டாரின் மொழியில் நலம் விசாரிக்கத் தயங்கும் நம்மில் சிலருக்கு இந்த அம்மையாரை நினைக்கும்போது சற்று நாணம் உண்டாகத்தான் செய்யும், எனக்கு உண்டாயிற்று.

1932-இல் அவர் பசீஸ்வர் சென் என்னும் வங்காள விஞ்ஞானியை மணந்தார். ஜகதீஸ சந்திர போஸிடம் பயின்ற தாவரவியலார் அவர். ராமகிருஷ்ண மடத்துத் துறவியரிடம் பக்தி பூண்டவர். 1924-இல் கல்கத்தாவில் தம் இல்லத்தின் சிறு அறையிலேயே விவேகானந்தர் பெயரால் ஆராய்ச்சிக் கூடம் தொடங்கியவர். 1936-இல் அதனை அல்மோராவிற்குக் கொண்டுவந்து, மலைநிலத்து உழவருக்கு ஏற்ற பயிர்களை ஆராயலானார். 1957-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. அம்மையார் கணவரின் பணிக்கு உறுதுணையாக இருந்துகொண்டே இந்திய வரலாற்றைப் பற்றிய பெருநூல் ஒன்றை எழுதி 1948-இல் வெளியிட்டார். சங்கம் காண நியூயார்க்கில் கூடிய நால்வருள் மற்றவர் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருக்க, இவர் ஒருவரே சென்ற இடத்தில் தங்கிவிட்டார்.

பசீஸ்வர் சென் 1971-இலும், அம்மையார் 1982-இலும் காலமாயினர். அவர்களின் ஆராய்ச்சிக் கூடம் 1974-இல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் குழுவின் பொறுப்பில் வந்து, விவேகானந்தர் பெயராலேயே மலை வேளாண்மை ஆராய்ச்சி நிலையமாக அல்மோராவில் நடைபெற்று வருகிறது. பெண் புவியியலார் சங்கத்தின் பழைய ஏடுகள் வாஷிங்டன் நகரத்துக் காங்கிரஸ் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. பச்பேர்வா இன்று உத்தரப் பிரதேசத்தின் பல்ராம்பூர் ஜில்லாவைச் சேர்ந்தது. கோரக்பூர் பக்கம் உத்தியோக நிமித்தம் செல்லும் அன்பர்கள் விரும்பினால் அவ்வூரைப் பார்த்து வரலாம்.